புகழுக்குத் தவணை குறிப்பவர்

உயிர்களை அறிவின் அளவால் வரிசைப்படுத்திய நம் முன்னோர், புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு, நத்தைக்கும் சிப்பிக்கும் ஈரறிவு என்று படிப்படியாக ஏறிவந்து, மனிதனிடம் ஆறறிவோடு நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் கோவில்பட்டிப் பக்கம் வந்ததில்லை போலும். வந்து, கடைத்தெரு முனையில் உள்ள தேநீர்க் கடையில் அரை நாழிகை உட்கார்ந்திருந்தால், ஆறேகால் அறிவுடைய உயிர் ஒன்று கண்ணாடித் தம்ளரை ஆட்டியபடி எதிரே அமர்ந்திருப்பதைக் கண்டு, ஏட்டைத் திருத்தியிருப்பார்கள்.

அந்தக் கால் அறிவு எது என்கிறீர்களா? இன்றைக்கு உலகம் கொண்டாடுகிற இன்னாருடைய பெயர் இன்னும் எத்தனை ஆண்டு நிற்கும் என்பதை, பஞ்சாங்கம் பாராமல், சோழி உருட்டாமல், மீசையை ஒருமுறை நீவிவிட்டு அப்படியே சொல்லிவிடும் அறிவு. மருந்துப் புட்டியின்மேல் ‘இத்தேதிக்குப் பின் பயன்படுத்தலாகாது’ என்று அச்சிடுகிறார்களே, அதை மனிதர்கள்மேல் அச்சிடுகிறவர் இவர். இவ்வினத்துக்கு அகராதியில் பெயர் இல்லையாதலால், புகழுக்குத் தவணை குறிப்பவர், சுருக்கமாகத் தவணைக்காரர் என்று நாமே வைத்துக்கொள்வோம். வட்டிக்கடைக்காரரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவராவது கெஞ்சினால் தவணையை நீட்டிக் கொடுப்பார்.

தவணைக்காரரை அடையாளம் காண்பது எளிது. நீங்கள் ஒரு பாட்டுக்குக் கண்மூடித் தலையாட்டிக்கொண்டிருப்பீர்கள். அல்லது கைபேசியில் கிரிக்கெட் பார்த்துக் கடைசிப் பந்தில் நாற்காலியோடு துள்ளுவீர்கள். அல்லது உங்கள் மகள் மாவட்டத்தில் முதலாவதாகத் தேறிய செய்தியைச் சொல்லி அவரிடம் லட்டு நீட்டுவீர்கள். மூன்றுக்கும் அவர் சொல்வது ஒரே வாக்கியம்: “எல்லாஞ் சரி. ஐநூறு வருசங் கழிச்சு எவன் நெனைப்பான்?” லட்டை மட்டும் வாங்கிக்கொள்வார்.

இவ்வினத்தின் தலைசிறந்த மாதிரி, பூவனநாதன் அண்ணாச்சி. ஊர்ச் சிவபெருமானின் திருநாமத்தையே தம் பெயராகக் கொண்டவர், கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், பிரதோஷம் தவறாதவர். நந்தியெம்பெருமானின் காதில் குனிந்து அவருக்கும் ஒரு தவணை சொன்னார் என்று ஊரில் பேசிக்கொள்வது பொய். தெய்வத்திடம் அவருக்கு மிகுந்த அச்சம் உண்டு. மனிதரிடந்தான் இல்லை.

பாத்திரக்கடைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. பழைய குடத்தையோ குத்துவிளக்கையோ கொடுத்துவிட்டுப் புதிது வாங்க வருகிறவரின் முகத்தை அவர்கள் பார்ப்பதில்லை. கைப்பொருளை வாங்கி, விரல்முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, ஓசைக்குக் காதைக் கொடுத்து, கவிழ்த்து அடியைப் பார்த்து, பற்றவைத்த இடத்தை நகத்தால் சுரண்டி, தராசில் ஏற்றி, அழுக்குக்கு இவ்வளவு, ஈயத்துக்கு இவ்வளவு, ஒட்டுக்கு இவ்வளவு என்று கழிவு போட்டு, எஞ்சியதற்கே விலை சொல்வார்கள். மீசை அரும்பிய நாள் முதல் இதே வேலையாயிருந்த பூவனநாதனுக்கு ஒரு நாள் ஞானம் பிறந்தது. குடத்தைத் தட்டிப் பார்க்கிற கை, மனிதரைத் தட்டிப் பார்த்தால் என்ன?

பார்த்தார். அன்றிலிருந்து நாட்டில் ஒருவர் புகழும் முழு எடைக்குப் போகவில்லை. நடிகர் ஒருவர் தராசுக்கு வந்தால், முதலில் ரசிகர்மன்றக் கழிவு, அடுத்து சண்டைக் காட்சியில் அவருக்காக விழுந்து எழுந்தவனுக்கு உரிய கழிவு, தகப்பனாரும் நடிகராயிருந்தால் அடியில் அரக்கு வைத்து எடை கூட்டிய பாத்திரம் என்று பாதிக்குமேல் கழிவு. அரசியல் தலைவருக்கு முன்னால் போகும் சைரன் வண்டிக் கழிவு. பந்தாட்டக்காரருக்கு விளம்பரக் கழிவு. விண்வெளிக்கு ஏவுகலம் அனுப்பிய அறிஞருக்கு மட்டும் முந்நூறு ஆண்டு தாராளமாகக் கொடுத்தார். ஆனால் அவர் பெயரை ஒவ்வொரு முறையும் தப்பாகவே சொன்னார். ஊர் ஊராகப் போய்ப் பரோட்டா தின்று காணொளி போடுகிற இளைஞரைப் பற்றிக் கேட்டபோது, “எடையே இல்ல, இதுல என்னத்தக் கழிக்க?” என்று தராசையே துடைத்துவிட்டார்.

மாலைதோறும் சுடலைமாடனின் தேநீர்க் கடையில் இந்த நியாயசபை கூடும். வாதியாக வந்து நிற்பவர் பெரும்பாலும் செல்வகணேஷ். தீப்பெட்டி ஆலை முதலாளி. பள்ளிக்கூடத்தில் படிக்கையிலேயே ஒரு நடிகரை வரித்துக்கொண்டு, தலைமயிர் உதிர்ந்தபின்னும் பக்தி உதிராதவர். அவருடைய நடிகருக்குப் பூவனநாதன் நாற்பது ஆண்டு என்று குறித்திருந்தார்.

“அண்ணாச்சி, எங்காளுக்கு நாப்பதுதானா? மனசாட்சி இருக்கா ஒங்களுக்கு?”

“நாப்பதே சாஸ்தி வே. தீக்குச்சி மாதிரி. ஒரசுன ஒடனே குப்புன்னு எரியும். அப்பறம் கரி.”

“தீக்குச்சியச் சொல்லாதிய. அது எங்க தொழிலு. எம்பதாப் போடுங்க.”

“எம்பதுக்குக் கட்டுபடியாவாது.”

“எழுவத்தஞ்சு.”

“நாப்பத்தஞ்சு.”

“அண்ணாச்சி, எந் தங்கச்சி கல்யாணத்துக்கு அம்புட்டுச் சீர்ப்பாத்திரமும் ஒங்க கடையிலதான எடுத்தேன்? ஒரு கரண்டியாவது வெளியில வாங்கியிருப்பேனா?”

நியாயமான வாதம். பூவனநாதன் மீசையை நீவினார். “சரி. ஒனக்காவ அறுவது. முடிவு வெல. இதுக்கு மேல ஒரு வருசம் ஏறாது.”

செல்வகணேஷுக்கு முகம் மலர்ந்தது. தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த சுடலைமாடனுக்கும் ஆசை வந்தது. “அண்ணாச்சி, அப்ப என் டீக்கு எத்தன வருசம்?”

“ஒன் டீயா? குடிச்சவன் சாவுற வரைக்கும் மறக்கமாட்டாம்லே.”

ஊரில் இருக்கிற, ஊருக்கு வெளியில் இருக்கிற, கடல் தாண்டி இருக்கிற அத்தனை பேருக்கும் இப்படித் தவணை குறித்தவர், ஒரே ஒருவருக்கு மட்டும் குறித்ததில்லை. அந்த ஒருவர் பெயரும் பூவனநாதன். அந்தக் குடத்தைத் தட்டிப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. ஓசை எப்படி வருமோ?

தராசு தேநீர்க் கடையோடு நின்றிருந்தால் யாருக்கும் கேடில்லை. அது வீட்டுக்குள் வந்தது.

அவருக்கு ஒரே மகள், ஐஸ்வர்யா, பள்ளி ஆசிரியை. அவளுக்கு வந்த வரன்களை எல்லாம் பூவனநாதன் தட்டிப் பார்த்தே திருப்பி அனுப்பினார். கணினிப் பொறியாளர் வந்தார்: “கம்ப்யூட்டர்ல எழுதுனது கரண்டு போனாப் போச்சு.” மருத்துவர் வந்தார்: “இவன் பொழைக்க வச்சவனும் ஒரு நா சாகத்தான செய்வான்? அப்பறம் எவன் நெனைப்பான்?” வழக்கறிஞர் வந்தார்: “கட்சிக்காரனே மறந்துருவான்.” வந்தவர்கள் எல்லாரும் பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்பார்கள் என எண்ணி வந்து, தம்மை வருங்காலத்துக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்கக் கேட்டு, பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

பெண்ணுக்குப் பிடித்தவன் வேறு ஒருவன் இருந்தான். மாரிசெல்வம், மணியாச்சி சந்திப்பில் ரயில்களைத் தடம் மாற்றி அனுப்பும் பணியில் இருப்பவன். அவள் தூத்துக்குடிக்குப் படிக்கப் போய்வந்த காலத்தில் இணைப்பு ரயிலுக்காக அங்கே காத்திருந்தபோது பழக்கம். வேண்டுமென்றே ரயிலைத் தாமதப்படுத்தினான் என்று அவள் தோழிகள் சொல்வது வீண்பழி. அதை ரயில்வேயே பார்த்துக்கொண்டது.

“ரயிலு போயிட்டா ரயிலயே எவனும் நெனைக்கமாட்டான், அத அனுப்புனவனையா நெனைப்பான்?” என்றார் பூவனநாதன். “அந்த ஸ்டேசன் பலகையில, நாட்டுக்காவ உசிரக் குடுத்தவரு பேரப் பெருசா எழுதியிருக்கு. ஆனா டிக்கெட் எடுக்கவன் ‘மணியாச்சி ஒண்ணு’ங்கான். அவருக்கே அந்தக் கதின்னா, ஒன் ஆளுக்கு?”

“அப்பா, நான் ஐநூறு வருசங் குடும்பம் நடத்தப் போறதில்ல. அம்பது வருசம் போதும். அவிய எம் பொறந்தநாள மறக்காம இருந்தாச் சரி.”

“பொறந்தநாளக் கூட விடுட்டி,” என்றார் தாய் பத்திரகாளி, உள்ளிருந்தபடியே. “ஏங்க, நம்ம கல்யாண நாளு என்னைக்கு? சொல்லுங்க பாப்போம்.”

பூவனநாதனுக்கு அப்போது கடையில் அவசர வேலை இருந்தது.

ஐஸ்வர்யாவும் தகப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள். மாரிசெல்வம் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று முடிவு விலை சொன்னாள். அதற்குமேல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கடைசியில், பார்ப்பதற்கு மட்டும் வரட்டும், தாமே தட்டிப் பார்த்து அனுப்பிவிடலாம் என்று பூவனநாதன் இசைந்தார்.

மாரிசெல்வம் தன் தாய் பிரேமலதாவோடும் தாய்மாமன் சிவனாண்டியோடும் வந்தான். பிரேமலதா நாகலாபுரத்துக்காரர். கணவர் காலமானபின், வானத்தை நம்பிய கரிசல் நிலத்தைத் தாமே ஆள்வைத்து உழுது, உளுந்தும் மக்காச்சோளமும் எடுக்கிறவர். மழையையே நம்பாத அம்மையார், மனிதரை எப்படி நம்புவார்?

கேசரித் தட்டு வந்ததும் பூவனநாதன் தொடங்கினார். “தம்பி, இன்னைக்கு இருக்க பெரியாட்கள்ல, ஐநூறு வருசங் கழிச்சு யாரு பேரு நிக்கும்? சொல்லுங்க.”

மாரிசெல்வம் ஐஸ்வர்யாவைப் பார்த்தான். கேசரியைப் பார்த்தான். “அடுத்த வண்டி எந்தத் தடத்துல வருதுன்னுதான் மாமா எனக்குத் தெரியும்.”

பூவனநாதன் கழிவு போட வாயைத் திறந்தார். அதற்குள் பிரேமலதா குறுக்கிட்டார்.

“அண்ணாச்சி, முன்னால போற ஐநூற அப்பறமாப் பேசுவோம். எங்க வீட்டு வழக்கம் ஒண்ணு இருக்கு. நிச்சயத்துல தட்டு மாத்துததுக்கு முந்தி, ரெண்டு வீட்டுக்காரவியளும் மேல மூணு தலமொறப் பேரச் சபையில சொல்லணும். அப்பா, தாத்தா, பூட்டன். சொன்னாத்தான் தட்டு. சொல்லலன்னா வெத்தலயக் கூடத் தொடமாட்டோம். ஒங்களுக்கு ஏலுமா?”

“மூணுதான?” பூவனநாதன் சிரித்த சிரிப்பில் மீசை இரண்டு பக்கமும் பறந்தது. “முப்பது சொல்லுவேன் தங்கச்சி. எவன்ட்ட வந்து கேக்குதீய! நாளக் குறிங்க, சபையில வந்து சொல்லுதேன்.”

சொன்ன கணத்தில், அடுக்களை வாசலில் நின்றிருந்த பத்திரகாளி பஞ்சாங்கத்தோடு கூடத்துக்கு வந்துவிட்டார். சிவனாண்டி நாளைப் பார்த்தார். பூவனநாதன் பெருமிதம் தணிந்து, தாம் இந்த வரனை வேண்டாம் என்று சொல்லவல்லவா உட்கார்ந்திருந்தோம் என்று நினைவுக்கு வந்தபோது, வந்தவர்களின் வண்டி தெருமுனையைத் தாண்டியிருந்தது.

போகட்டும், பெண்ணும் மகிழ்ச்சியாய் இருக்கிறாள், மூன்று பெயர்தானே என்று அவர் மறுநாள் கல்லாவில் அமர்ந்து மனத்துக்குள் ஒருமுறை ஒத்திகை பார்த்தார். தகப்பனார் சங்கரலிங்கம். பாட்டனார் சுப்பையா. பூட்டனார்...

பூட்டனார்?

விசிறி சுழன்றது. வாடிக்கையாளர் ஒருவர் இட்லிக் கொப்பரை விலை கேட்டார். “பூட்டனார்” என்றார் அண்ணாச்சி. பேரனுக்குப் பாட்டன் பெயர் வைக்கும் வழக்கத்தைப் பிடித்து, தகப்பனார் பெயரையே பூட்டனாருக்கும் சூட்டிவிடலாமா என்று பார்த்தார். ஆகாது. தகப்பனார் சங்கரன்கோவிலில் வேண்டிப் பெற்ற பிள்ளை. அந்தப் பெயர் சுவாமி கொடுத்தது. உறவினர்கள் எல்லாருக்கும் கைபேசியில் பேசினார். அத்தனை பேரும் “பாட்டனார் சுப்பையா” என்பது வரை வேகமாக வந்து, அதற்கப்புறம் சமிக்ஞை கிடைக்கவில்லை என்றார்கள். ஐந்நூறு ஆண்டுக்கு அப்பால் இருப்பதைக் கண்மூடிக் காண்கிறவருக்கு, நூறாண்டுக்கு இப்பால் இருந்த சொந்தப் பூட்டன் இருட்டாகிப் போனார்!

ஐஸ்வர்யா விவரம் அறிந்து அருகில் வந்து நின்றாள். “மூணு பேருதான்ப்பா கேட்டாவ” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் கண்ணைப் பார்த்தபின் தகப்பன் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தார். இதுவரை அவர் வரனைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். இப்போது அவர் பொருட்டு வரன் திரும்பிப் போகும்.

முன்னோர் வாழ்ந்த ஊரில் யாருக்காவது தெரியாமலா போகும்? எப்போதும்வென்றானுக்குப் பேருந்து ஏறினார். ஊரின் பெயரைக் கவனித்தீர்களா? எவனோ ஒருவன் எப்போதும் வென்றிருக்கிறான். யாரை வென்றான், எதில் வென்றான் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். வெற்றி நிற்கிறது, வென்றவனைக் காணோம். தவணைக்காரர் ஒருவர் கட்டாயம் நின்று சிந்திக்கவேண்டிய பெயர்ப்பலகை அது. பூவனநாதன் அதன் நிழலில் நின்று வேர்வையைத் துடைத்துக்கொண்டு, சிந்திக்காமல் நடந்தார்.

பெரியப்பா மகள் உச்சிமாகாளி பருத்திக் காட்டில் நின்றிருந்தார். மடியில் பருத்தியும் வாயில் வெற்றிலையுமாக, “ஏலே பூவா! கடையப் பூட்டிட்டு இங்கன என்னலே செய்யுத?” என்றார்.

“அக்கா, நம்ம பூட்டனாரு பேரென்ன?”

“எந்தப் பூட்டன்?”

“சுப்பையாத் தாத்தாவப் பெத்தவரு.”

உச்சிமாகாளியின் முகம் விளக்கேற்றினாற்போல் ஆயிற்று. “அட, பாயாசத்துல விழுந்தவரா!”

“என்னது?”

“ஒனக்குத் தெரியாதா? அவரு ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்காரு. பந்திக்கு முந்தியே சமையக்கட்டுக்குப் போயி, பாயாசத்துல முந்திரி கெடக்கான்னு அண்டாவ எட்டிப் பாத்துருக்காரு. முங்கிக் கெடக்கும்போலன்னு இன்னுங் கொஞ்சம் எட்டியிருக்காரு. பொதுக்குன்னு உள்ள.”

“ஐயையோ! வெந்து போனாரா?”

“ஆறுன பாயாசம்லே. நிதானமா எந்திரிச்சு, மீசைய வழிச்சு நக்கிட்டு, ‘இனிப்புக் கம்மி’ன்னாராம்.”

பூவனநாதன் தம்மையறியாமல் தம் மீசையைத் தொட்டுப் பார்த்தார். “அது சரிக்கா. பேரு?”

“பேரா?” உச்சிமாகாளி ஒரு வரிசைப் பருத்தியைப் பறித்து முடிக்கும்வரை யோசித்தார். “பேரு யாருக்குலே தெரியும்? பாயாசத்துல விழுந்தவருன்னா ஊருக்கே தெரியும். இன்னைக்கும் நம்ம வீட்டுக்கு அதான பேரு, பாயாசக்காரர் வீடு?”

பழம்பாடல்களைத் தொகுத்த சான்றோர்கள், பாடியவர் பெயர் தெரியாமல் போனபோது, அவர் பாட்டில் மின்னிய ஓர் உவமையை எடுத்து அதையே அவருக்குப் பெயராக இட்டுப் போற்றினார்கள். செம்மண்ணில் பெய்த மழைநீரைச் சொன்னவருக்கு அந்த நீரோடு ஓர் ‘ஆர்’ சேர்த்துப் பெயரிட்டார்கள். தமிழ்மரபு அவ்வளவு கருணை உடையது. கரிசல்காடும் அம்மரபில் வந்ததே. ஆனால், தம் பூட்டனார் பாயாசனார் ஆனதைப் பூவனநாதனின் உள்ளம் ஏற்கவில்லை. ஐநூறு ஆண்டு, ஐநூறு ஆண்டு என்று ஊரையே மிரட்டியவர், சபை நடுவில் எழுந்து, ‘பாயாசத்தில் விழுந்தவரின் பூட்டப்பிள்ளை நான்’ என்பதா?

“அக்கா, நிச்சயத்துல இதச் சொல்லிராத. ஒன் கால்ல விழுதேன்.”

“நான் ஏன்லே சொல்லப் போறேன்?” என்றார் உச்சிமாகாளி. பெண்கள் இப்படிச் சொல்லும் தொனியை அறிந்தவர்கள் உடனே அஞ்சியிருப்பார்கள். பூவனநாதன் நிம்மதியோடு பேருந்து ஏறினார்.

நிச்சயதார்த்த நாள் வந்தது. கூடம் நிறைந்தது. செல்வகணேஷ் முன்வரிசையில், உச்சிமாகாளி பெண்கள் பக்கத்தில், புதுச்சேலையும் பழைய வெற்றிலையுமாக. மாப்பிள்ளை வீட்டார் சார்பில் சிவனாண்டி எழுந்து, மூன்று பெயரையும் ரயில் நிலையத்தில் அறிவிப்பதுபோல் தடுமாறாமல் சொல்லி அமர்ந்தார். பிறகு பூவனநாதன் எழுந்தார். மீசையை நீவினார்.

“எங்க அப்பா சங்கரலிங்கம். எங்க தாத்தா சுப்பையா. எங்க பூட்டனாரு...” கண்ணை மூடினார். வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கி ஒருமுறை விக்கிற்று. “வீரகேசரி பராக்கிரம பூபதி!”

செல்வகணேஷ் கைதட்டிவிட்டார். தனியாக.

“ஏலே பூவா!” பெண்கள் பக்கத்திலிருந்து குரல் எழுந்தது. “யாருலே அது, புது ஆளா இருக்கு? நம்ம பூட்டன் பாயாசத்துல விழுந்தவருல்லா?”

கூடம் ஓடு பறக்கச் சிரித்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், பந்தல்காரர் சிரித்தார், நாதசுரக்காரர் சீவாளியை எடுத்து வைத்துவிட்டுச் சிரித்தார். சிரிக்காதவர் ஒருவர். பிரேமலதா எழுந்து நின்றார்.

“எந்த ஊர்ப் பாயாசம்?”

“நாகலாபுரத்துல ஒரு கல்யாணம்னு சொல்லுவாவ” என்றார் உச்சிமாகாளி.

“அது எங்க பூட்டி கல்யாணம்!”

சிரிப்பு அறுந்தது.

“அன்னைக்குப் பந்தியில பாயாசம் இல்லன்னு மாப்ள வீட்டுச் சம்பந்திக எலயில கை வைக்காமப் போயிட்டாவ. ‘பாயாசம் போடாத வீடு’ன்னு எங்க பூட்டிய ஆயுசுக்கும் சொல்லிக் காட்டியிருக்காவ. நாலு தலமொறையா எங்க வீட்டுல பாயாசம் காச்சுனா, பந்தி முடியிற வரைக்கும் ஒருத்தர் அண்டாப் பக்கத்துலயே நிப்போம். எவன் விழுந்தான்னு தெரியாமலே திட்டிக்கிட்டிருந்தோம்.” அவர் பூவனநாதனை ஏற இறங்கப் பார்த்தார். “இப்பத் தெரியுது.”

மாரிசெல்வம் எழுந்து தாயின் பக்கத்தில் போய் நின்றான். திரும்பி வந்து உட்கார்ந்தான். தட்டு நடுக்கூடத்தில் இருந்தது. அதை யாரும் தொடவில்லை. பூவனநாதன் மகளைப் பார்த்தார். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனிதருக்கு முதல்முறையாக மீசைக்குக் கை போகவில்லை. “தங்கச்சி,” என்றார், “எங்க பூட்டனாரு பேரு எனக்குத் தெரியாது. பூபதின்னது நானாச் சொன்னது. விழுந்தவருதான் அவரு. அதுக்கு நான் என்ன செய்யணுமோ சொல்லுங்க, செய்யுதேன். பிள்ளைகளப் பிரிச்சிராதிய.”

பிரேமலதா தட்டருகே வந்து நின்றார். “கெடந்துச்சா?” என்றார்.

“என்னது?”

“முந்திரி.”

“அது... தெரியல தங்கச்சி.”

“இனிப்புக் கம்மின்னு மட்டுஞ் சொன்னாராம்” என்று உதவிக்கு வந்தார் உச்சிமாகாளி.

“எங்க வீட்டுப் பாயாசமா கம்மி? ஆளு முழுசா உள்ள விழுந்தா இனிப்புக் கொறையத்தாம் செய்யும்!”

சிவனாண்டி இதுதான் சமயம் என்று எழுந்தார். “ஏட்டி, நீ மூணு தலமொற கேட்ட. அவிய பேரச் சொல்லல. ஆனா ஆள அடையாளஞ் சொல்லிட்டாவ. அதுவும் நம்ம வீட்டுக்கே நாலு தலமொறையாத் தெரிஞ்ச ஆளு. வேற எந்தச் சம்பந்திக்கு இப்படி வாய்க்கும்?”

அந்த அம்மையாரின் உதட்டோரம் முதலில் ஆடிற்று. பிறகு கன்னம். அப்புறம் தோள்கள். கண்ணீர் வரச் சிரித்து ஓய்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: “கல்யாணப் பாயாசம் பொண்ணு வீட்டுப் பொறுப்பு. முந்திரி மேல மெதக்கணும். அண்டாவுக்கு ரெண்டாளு காவல். சம்மதமா?”

“சம்மதம்” என்றது கூடம் முழுதும். தட்டு மாறிற்று.

திருமணத்துக்குப் பூவனநாதன் தம் கடையின் மிகப்பெரிய பித்தளை அண்டாவையே அனுப்பினார். பாயாசம் காய்ச்சி இறக்கப்பட்டு, முந்திரி வெண்ணிலவுகளாய் மேலே மிதக்க, ஆறிக்கொண்டிருந்தது. தாலி கட்டி முடிந்ததும், கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணாச்சி தனியே சமையற்கட்டுப் பக்கம் வந்தார். அண்டாவின் முன்னால் நின்றார்.

அந்த நிற்பில் அவர் உள்ளம் ஒரு கணக்குப் போட்டது. இத்தனை காலம் தாம் தராசில் ஏற்றி இறக்கிய பெரியவர்கள் அனைவரையும் நினைத்தார். அறுபது ஆண்டு நடிகர். முந்நூறு ஆண்டு அறிஞர். சைரன் வண்டிக் கழிவு போட்ட தலைவர். யாருக்கும் உறுதி இல்லை. ஆனால், சிலை இல்லாமல், மன்றம் இல்லாமல், பெயர்கூட இல்லாமல், இரண்டு ஊர் நாவில் நூறாண்டு கழித்தும் இனித்துக்கொண்டிருக்கிறார் ஒருவர். அதற்கு அவர் என்ன செய்தார்? ஓர் எட்டு. ஒரே ஓர் எட்டு. பூவனநாதனின் வலக்கால் பெருவிரல் தரையை விட்டு மெல்ல எழுந்தது.

“அண்ணாச்சி, தள்ளி நில்லுங்க.” காவலுக்கு நின்ற கருப்பசாமி, பெரிய கரண்டியைக் குறுக்கே நீட்டினார்.

“இல்லப்பா, முந்திரி கெடக்கான்னு...”

“அதத்தான் அவரும் சொன்னாராம்.”

வாசகரே, சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். செல்வகணேஷின் நடிகர் யாராக இருக்கக்கூடும் என்று நீங்கள் ஒரு முகத்தை நினைத்துப் பார்த்தீர்களா இல்லையா? நினைத்து, அறுபது அதிகம் என்றோ, அநியாயத்துக்குக் குறைவு என்றோ, உள்ளுக்குள் ஒரு கழிவு போட்டீர்களா இல்லையா? போட்டிருந்தால், கல்யாண வீடுகளில் சமையற்கட்டுப் பக்கம் போகாமல் இருப்பது உங்களுக்கு நலம். போயே தீரவேண்டும் என்று காலும் மனமும் இழுத்தால், வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். பாயாசம் ஆறிவிட்டதா என்று மட்டும் யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.